ரயில் ஊதினால் மூன்று நிமிடம்

எங்கள் வீட்டுக்கு மைக்ரோவேவ் இரண்டு முறை வந்தது. முதலில் அட்டையில் வந்தது; ஒரு வாரம் கழித்துத்தான் நிஜமானது வந்தது. அட்டையில் செய்தவர் அப்பா. கனரக இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் மூன்று முறை அளப்பார், நான்காம் முறை சந்தேகப்படுவார், பிறகு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சுத்தியலை உள்ளே வைத்துவிடுவார்.

ஊரிகத்தில், தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. சமையலறை என்று நாங்கள் சொல்லிக்கொண்ட இடத்தில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேடையில் கேஸ் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருந்தது. அப்பா அளவு டேப்பை வைத்து அந்த இடத்தின் நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்தார். பின்பக்கம் சூடு வெளியேற நாலு விரல் இடம் விட்டார். பழைய டி.வி. பெட்டியை வெட்டி அதே அளவில் ஒரு அட்டைப்பெட்டி செய்து மேடைமேல் வைத்தார்.

“ஒரு வாரம் இதோட பழகு. இடிக்கலைன்னா வாங்கலாம்” என்றார் அம்மாவிடம்.

அம்மா பழகினாள். மூன்றாம் நாள் அதற்குள் வெங்காயம் கொட்டி வைத்தாள்.

இத்தனை ஏற்பாடும் அம்மாவுக்காகத்தான். விடியும் முன்பே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவு எட்டு மணி ரயிலில் திரும்புவாள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. அப்பாவுக்கு அப்போது செகண்ட் ஷிப்ட். மாலையில் வீட்டில் நான் மட்டும்தான், நான்காம் வகுப்பு. சுவரைத் தட்டினால் அடுத்த வீட்டிலிருந்து சித்தி வருவாள். ஆனால் கேஸ் அடுப்பைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. காலையில் தானே ஆக்கி வைத்துவிட்டுப் போன சோற்றையும் குழம்பையும் அம்மா வந்து ஆறினபடியே சாப்பிடுவாள். சூடு பண்ணிக்கொள்ளக்கூட அவளுக்குத் தெம்பு இருக்காது. நின்றுகொண்டே சாப்பிட்ட நாட்களும் உண்டு.

எங்கள் லைனில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. சுரங்கம் ஓடிய நாட்களில் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் லைன் முழுக்க அடுப்பில் பாத்திரம் ஏறிவிடுமாம். ஷாஃப்ட் குழியிலிருந்து மேலே வந்த ஆள் வாசலை மிதிக்கும்போது தட்டில் ஆவி பறக்க வேண்டும். சுரங்கத்தை மூடினார்கள், சங்கும் நின்றது. அந்த வழக்கத்தை அப்பா தூசி தட்டி எடுத்து என் கையில் கொடுத்தார்.

“சங்குக்கு பதிலா ட்ரெயின் ஹார்ன். ஹார்ன் கேட்டா உங்கம்மா வந்துட்டான்னு அர்த்தம். உள்ள வர்றப்போ சாப்பாடு சூடா இருக்கணும். இது உன் ட்யூட்டி, பாப்பா.”

அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. வாழ்க்கையில் முதல் ட்யூட்டி.

ஆண்டர்சன்பேட்டை கடைக்கு நாங்கள் மூவரும் அட்டைப்பெட்டியோடு போய் இறங்கினோம். கடைக்காரர் முதலில் எதையோ திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் பெரிய மாடல்களாகக் காட்ட ஆரம்பித்தார்.

“இதுல கேக் பண்லாம் சார், கோழி பண்லாம், இன்னா வேணா பண்லாம்.”

“எங்களுக்கு சோறு சூடானா போதும்ங்க” என்று சொல்லிவிட்டு அப்பா டேப்பை நீட்டினார்.

கடைசியில் இருப்பதிலேயே சின்னதை எடுத்தோம். பட்டன் எதுவும் இல்லை, இரண்டே திருகுகள். மேல் திருகு சூட்டுக்கு, கீழ்த் திருகு நிமிடத்துக்கு. அதைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார் அப்பா. என் கைக்கு எட்டியது, என் பலத்துக்கும் திரும்பியது. முடியும்போது ‘டிங்’ என்று ஒரு மணி. அந்த மணிக்காகவே நான் அதன் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வைத்தால் மேடையில் அச்சாகப் பொருந்தியது. அப்பா இரண்டடி பின்னால் போய் நின்று ரசித்தார். அப்போது அம்மா சோற்றுத் தட்டைக் கொண்டுவந்தாள். எவர்சில்வர் தட்டு. உள்ளே எவர்சில்வர் வைக்கக்கூடாது என்று கூடவே வந்த புத்தகத்தில் படம் போட்டு, குறுக்கே கோடும் போட்டிருந்தது. வீடு முழுக்கத் தேடினோம். டம்ளரிலிருந்து அண்டா வரைக்கும் எல்லாமே எவர்சில்வர்தான். ஊரையே அளந்த மனிதர் தட்டை மறந்துவிட்டார்! அம்மா சுவரில் சாய்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்பாவுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அவரும் சிரித்துவிட்டார். சாயங்காலமே பஜாருக்குப் போய் நீலப்பூ போட்ட பீங்கான் தட்டு ஒன்று வாங்கிவந்தோம்.

மறுநாளிலிருந்து என் ட்யூட்டி தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமையே அப்பாவும் நானும் ஸ்டேஷனிலிருந்து வீடு வரை நடந்து பார்த்திருந்தோம்: எட்டு நிமிடம். ஹார்ன் கேட்டதும் சுவர்க் கடிகாரத்தின் அடியில் போய் நிற்பேன். ஐந்து நிமிடம் போனதும் திருகை மூன்றில் வைப்பேன். மஞ்சள் வெளிச்சத்தில் தட்டு சுற்றும். டிங் என்றதும் கதவைப் பார்ப்பேன்.

கதவில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அம்மா எப்படியும் பத்து நிமிடம், சில நாள் கால் மணி நேரம் தாமதமாகத்தான் வருவாள். நான் மறுபடி சூடு பண்ணுவேன், மறுபடியும் பண்ணுவேன். சோற்றின் ஓரம் அரிசியாகவே திரும்பிவிடும். குழம்பு தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அம்மா அதையே வழித்துச் சாப்பிடுவாள். “நல்லா கீதுடி” என்பாள். எனக்கு அழுகை வரும். அப்பாவிடம் புகார் போனது.

“ட்ரெயின் கரெக்டு, மெஷின் கரெக்டு. நடுவுல இன்னா ஆவுது?” என்று கேட்டார் அப்பா.

“இறங்கற கூட்டம்தான் உங்களுக்குத் தெரியுமே” என்றாள் அம்மா, எங்களைப் பார்க்காமல்.

ஒருநாள் சித்தி ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்குப் பால் வாங்கக் கிளம்பினாள். ரயில் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று நானும் ஒட்டிக்கொண்டேன். நாங்கள் பாதி வழியில் இருக்கும்போதே ரயில் ஊதிவிட்டது. கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. அதில் அம்மா இல்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சித்தி கையை உதறிவிட்டு ஸ்டேஷனுக்குள் ஓடினேன்.

பிளாட்பாரம் காலியாக இருந்தது. கடைசி சிமெண்டு பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நீட்டியிருந்தாள். மடியில் பை. தூங்கவில்லை, போனைப் பார்க்கவில்லை, யாரோடும் பேசவில்லை. எதிரே தண்டவாளத்தைத் தவிர ஒன்றுமே இல்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னைவிடச் சின்னவள் மாதிரி இருந்தாள்.

“இன்னாம்மா ஆச்சு? உடம்பு சரியில்லையா?”

திடுக்கிட்டுக் காலை இழுத்துக்கொண்டாள். சமையலறையில் சர்க்கரை அள்ளி மாட்டிக்கொள்ளும்போது நான் விழிப்பேனே, அந்த முழி.

“ஒண்ணும் இல்லடி. சும்மாதான் ஒக்காந்துனு இருந்தேன்.”

பயம் போனதும் எனக்குக் கோபம் வந்தது. “சும்மாவா? தெனமும் சும்மாவா ஒக்காந்துனு இருக்கே? நான் அங்க சாப்பாட்ட சூடு பண்ணி வெச்சிகினு எவ்ளோ நேரம் நிக்கறது? எல்லாம் வீணாவுது!”

அம்மா குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“தப்புதான். வா, போலாம்.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தேன். ஓடிப்போன ஆட்டைப் பிடித்துவந்த பெருமை எனக்கு.

அடுத்த நாள் மைக்ரோவேவ் டிங் என்றது. கதவில் அம்மா நின்றாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மேல் உதட்டில் வேர்வையோடு, மூச்சு வாங்க வந்து, கையைக் கழுவிக்கொண்டு உட்காருவாள். முதல் வாய் எடுத்ததும் “சூடா கீதுடி” என்பாள். நான் நாள்காட்டியில் தினமும் ஒரு டிக் போட்டேன். ஒரு மாதம் முழுக்க டிக். அப்பா அதைப் பார்த்து, “ஒரு நிமிஷம் கூட பிசகலையே!” என்று என் தலையைத் தடவினார். அம்மா அதன்பிறகு ஒருநாளும் தாமதமாக வரவில்லை. அவள் வேலையை விடும்வரைக்கும் அப்படித்தான்.

இப்போது அந்த எட்டு மணி ரயிலில் வருவது நான். மைக்ரோவேவ் அதே மேடையில்தான் இருக்கிறது. பிடி உடைந்து, அப்பா அளந்து ஒட்டிய செல்லோ டேப்போடு. நான் வரும்போது நீலப்பூத் தட்டு உள்ளே இருக்கும், ஆனால் அம்மா அதைத் திருகியிருக்க மாட்டாள். நான் முகம் கழுவி வந்த பிறகுதான் திருகுவாள். ஹார்ன் கேட்டதுமே வைத்துவிடலாமே என்று இரண்டு மூன்று முறை சொன்னேன். “நீ வா மொதல்ல. மூணு நிமிஷம்தானே” என்றாள். வயதாகிறது, மறக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள். ஆபீசில் நாள் முழுக்க ஏச்சு, ரயிலில் இரண்டு மணி நேரம் நின்றபடி பயணம். இறங்கியதும் கால்கள் நகரவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். யாருக்கும் நான் எதுவுமாக இல்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். எழுந்தபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது. அம்மா பயந்திருப்பாள் என்று ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

அம்மா பயந்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், திருகை மூன்றில் வைத்தாள்.

“ஒக்காந்துட்டு வந்தியா?” என்று கேட்டாள். “நல்லது.”

தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. நாலாம் வகுப்பில் எனக்குக் கடிகாரம் பார்க்கத் தெரிந்திருந்தது, கூட்டிக் கழிக்கத் தெரிந்திருந்தது. காலை நாலரையிலிருந்து இரவு படுக்கும்வரை அம்மாவுக்கென்று இருந்தது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த பத்து நிமிடம் மட்டும்தான் என்பது தெரிந்திருக்கவில்லை. சூடான சோறு வேண்டுமா என்று அவளை நாங்கள் யாரும் கேட்கவே இல்லை என்பதும் தெரிந்திருக்கவில்லை.