யெஸ் அடிப்பதற்கு முன்

பாஸ்வேர்டு அடிக்கும்போது அக்காவின் உதடுகள் அசையும். திரையில் எழுத்தும் தெரியாது, புள்ளியும் தெரியாது. எத்தனை அடித்தோம் என்பதே விளங்காது. போதாததற்கு மலை லைன் மெதுவாக வரும். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் சத்தமில்லாமல் சொல்லிச் சொல்லித் தட்டுவார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். மறந்துவிட்டால், "இங்க இன்னா பார்வை, போற பஸ்ஸப் பாரு தம்பி" என்பார்.

கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அதன் கம்ப்யூட்டர் வேலையில் எனக்கு சீனியர் அக்கா. கல்வராயன் மலையில் அதற்கு ஒரு கிளை. மலையில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை முடிவுகள் அங்கிருக்கும் சர்வரில் சேரும். அக்கா காலையில் கீழேயிருந்து அதற்குள் நுழைந்து அவற்றை எடுத்து வைத்தால்தான் டாக்டர் பார்த்துவிட்டு மலைக்குப் போன் போடுவார். நோயாளிகளின் சமாச்சாரம் என்பதால் பாஸ்வேர்டை அக்கா யாருக்கும் சொன்னதில்லை. மேனேஜரும் வேறு யாரையும் நம்பியதில்லை. இதனால் அக்காவுக்கு ஞாயிறும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. நிறைமாதத்தில், சின்னசேலத்து அம்மா வீட்டுக்குப் போக லீவு கேட்டபோது மேனேஜர் நிஜமான கவலையோடுதான் கேட்டார்: "நீ போய்ட்டா பாஸ்வேர்ட யாரும்மா போடறது?"

"பிரசவ வார்டுக்கு ஒரு லைன் இழுத்துக் குடுத்துடுங்க சார்" என்றார் அக்கா. சிரிக்கவில்லை.

நெட்வொர்க் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த எனக்குக் கை துறுதுறுத்தது. இதற்குச் சாவி ஜோடி என்று ஒன்று உண்டு. ஒரு பாதி கள்ளக்குறிச்சி சர்வரை விட்டு வெளியே போகாது. மறு பாதியை மலை சர்வரில் பதித்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும், பாஸ்வேர்டே வேண்டாம். மேனேஜர் சம்மதித்தார். அக்கா ஊருக்குக் கிளம்பும் அன்று காலையில் நான் மலைக்குப் பஸ் ஏறினேன்.

மலையில் பழைய சர்வரை எடுத்துவிட்டு அந்த வாரம்தான் புதிதாக ஒன்றை வைத்திருந்தார்கள். அதனால் முதன்முறை இணையும்போது, இது நீ தேடும் கம்ப்யூட்டர்தானா என்று அக்காவின் திரை கேட்டு, அதன் கைரேகை என்று நீளமாக ஓர் எழுத்து வரிசையைக் காட்டியது. அதே வரிசை மலையில் என் முன்னிருந்த திரையிலும் இருந்தால்தான் அது சரியான மிஷின். எல்லோரும் படிக்காமலே யெஸ் அடிப்பார்கள். நானும் அப்படித்தான்.

"என் வரிசைய உன் வரிசையோட ஒத்துப் பாக்கணும். நீ படி" என்றார் அக்கா போனில்.

"யெஸ்னு போடுங்கக்கா. உங்க அம்மா பையத் தூக்கிக்கினு நிக்கிறாங்கன்னு சொன்னீங்களே."

"நிக்கட்டும். நான் இன்னைக்கு வேற மிஷினுக்கு யெஸ் சொல்லிட்டுப் போனா, நாளைலேர்ந்து இது தெனமும் அத நம்பிக்கினே இருக்கும். கேக்க நான் இருக்க மாட்டேன்."

படித்தேன். அறுந்து அறுந்து வரும் சிக்னலில் டி, பி, வி எல்லாம் ஒன்றுபோலக் கேட்டன. பஸ் ஊர்களை வைத்துச் சொல்லும் வழியை அக்காதான் ஆரம்பித்தார். டி என்றால் தியாகதுருகம், எம் என்றால் மணலூர்பேட்டை, வி என்றால் வெள்ளிமலை. எக்ஸ் வந்தபோது சற்று யோசித்து, "பஸ் இல்லாத ஊரு" என்றார். பாதியில் லைன் அறுந்தது. விட்ட இடத்திலிருந்து தொடங்க அவர் ஒப்பவில்லை. மறுபடியும் முதல் ஊர். ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னா தம்பி, தியாகதுருகத்துல பொண்ணு பாத்திருக்கியா? இத்தினி தபா போற" என்றார்.

கடைசி எழுத்து எஸ். "சங்கராபுரம்" என்றேன். பிறகு, "சரியா இருக்குது" என்றார். யெஸ் அடித்து, சாவியைப் பதித்து, அம்மாவோடு பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் காலை கள்ளக்குறிச்சியில் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முடிவுகள் தாமாக வந்து சேர்ந்தன. டாக்டர் மலைக்குப் போன் போட்ட பிறகு அக்காவை அழைத்தேன்.

"மிஷின் பாஸ்வேர்டே கேக்கலக்கா."

"கேக்கலையா?" ஒரு கொட்டாவி கேட்டது. "அப்ப நான் தூங்கறேன். போன வையி."

பெண் குழந்தை பிறந்தது. லீவு முடிந்து அக்கா திரும்பி வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வரவில்லை.

இப்போது சென்னையில் எனக்கு அதே வேலை, சர்வர்கள்தான் ஜாஸ்தி. புது சர்வர் ஒவ்வொன்றும் அதே கேள்வியைக் கேட்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்து, "இன்னாபா, மந்திரம் சொல்றியா?" என்கிறார். என் உதடுகள் அசைவது அப்போதுதான் எனக்கே தெரிகிறது. கையைக் காட்டி அவரை இருக்கச் சொல்கிறேன். தியாகதுருகம் தாண்டியாகிவிட்டது, சங்கராபுரம் இன்னும் வரவில்லை.