வெர்னா எழுதிவைத்த ஒரு வரி

வெர்னா ஸ்டாம்பர் தானாகக் கேட்டு வாங்கிய வேலை அது. அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில், ஷெரீப் என்ற மாவட்டப் போலீஸ் தலைவரின் அலுவலகத்தில், பதினோரு வருஷம் ரோந்துக் காரை ஓட்டியவள். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போய்க் கதவைத் தட்டுவாள். உள்ளே புருஷன் பெண்டாட்டி சண்டை, போதை மாத்திரை, உடைந்த டிவி. மூலையில் இரவு உடுப்போடு ஒரு குழந்தை நிற்கும். "நாம போய்ச் சேர்றப்போ எல்லாம் முடிஞ்சுபோயிருக்கு, ட்வைட்" என்று புருஷனிடம் சொல்லிச் சொல்லி மாய்வாள். டோட்சன் நடுநிலைப் பள்ளிக்கு ஒரு காவலர் வேண்டும் என்று அறிவிப்பு வந்த அன்றே எழுதிப் போட்டுவிட்டாள். பள்ளியில் இருந்தால் கொஞ்சம் முன்னாலேயே போய்ச் சேரலாம் என்று நினைத்தாள்.

அதற்கென்று ஒரு வாரப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி கொடுத்தவர் பலகையில் ஒரு முக்கோணம் வரைந்தார். ஒரு முனையில் போலீஸ், ஒரு முனையில் ஆசிரியர், ஒரு முனையில் பிள்ளைகளின் மனக்குறையைக் கேட்கும் ஆள். "மூணும் நீங்கதான்" என்றார். வெர்னா அதை அப்படியே நம்பினாள்.

நம்பியபடியே நான்கரை வருஷம் நடந்தது. காலையில் பிள்ளைகளை இறக்கிவிடும் கார் வரிசையில், பனி பெய்தாலும் அவள் நிற்பாள். ஜிம் பக்கத்துக் கதவின் பூட்டு சரியாக விழாது என்று வாரம் ஒரு கடிதம் எழுதுவாள். துப்பாக்கியோடு யாராவது வந்தால் எப்படி ஒளிவது என்ற ஒத்திகை வருஷத்தில் நான்கு முறை. அது முடிந்ததும் ஆறாம் வகுப்பில் இரண்டு மூன்று பேராவது அழுவார்கள். அவர்கள் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். இடுப்பில் துப்பாக்கி, விலங்கு, ரேடியோ எல்லாம் இருப்பதால் எழுந்திருக்கத்தான் சிரமம். பிள்ளைகள் கைகொடுத்துத் தூக்கிவிடுவார்கள். "மிஸ் வெர்னா, உங்களத் தூக்க கிரேன்தான் வேணும்" என்பார்கள்.

டெஸ்ஸா சைஸ்மோர் ஏழாம் வகுப்பு. பதின்மூன்று வயது, நெட்டையாக, கூன் போட்டு நடக்கிற பெண். அம்மா கிறிஸ்டல் முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட் பார்ப்பவள். தகரப் பெட்டி போன்ற அவர்கள் டிரெய்லர் வீட்டில் குளிர்காயக் கரி அடுப்பு. அந்தப் புகை வாசனை டெஸ்ஸாவின் கோட்டில் ஏறியிருக்கும். கூடப் படிக்கும் பெண்கள் அவள் வந்தால் மூக்கைப் பிடிப்பார்கள். அக்டோபர் மாதம் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் அவள் வெர்னாவின் அறைக்கு வந்து நின்றாள்.

"இங்க உக்காந்துக்கலாமா?"

"உக்காரு கண்ணு. கதவ சாத்தணுமா, தொறந்தே இருக்கட்டுமா?"

"சாத்திடுங்க."

அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாளாவது வருவாள். சில நாள் பேசமாட்டாள். சில நாள் கொட்டித் தீர்ப்பாள். அந்த மாதக் கடைசியில் அப்படி ஒருநாள் சொன்னாள்: "அவளுக எல்லாரையும் எனக்குப் புடிக்கல. எல்லாரும் ஒரேயடியா இல்லாமப் போயிட்டா நல்லா இருக்கும்."

"எனக்கும் உன் வயசுல அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் வெர்னா. டெஸ்ஸா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று அன்றன்றைக்குக் கணினியில் குறிப்பு எழுத வேண்டும் என்பது ஷெரீப் அலுவலகத்து விதி. அன்று சாயந்திரம் வெர்னா எழுதினாள்: மாணவி டி.எஸ்., சக மாணவிகளின் கேலியால் மனவருத்தம், எல்லாரும் இல்லாமல் போனால் நல்லது என்றாள், பேசி அனுப்பினேன். இரண்டு நிமிஷ வேலை. எழுதியதை மறந்தும் போனாள்.

அந்த ஜனவரியில் மாநிலத்தில் புதுச் சட்டம் வந்தது. பள்ளிக்கு மிரட்டல் விடுத்தால் பெரிய குற்றம். விளையாட்டுக்குச் சொன்னேன் என்பது செல்லாது. எங்கோ தூரத்தில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் செத்ததைப் பார்த்துப் பயந்துபோன பெற்றோர்கள் கேட்டு வாங்கிய சட்டம். வெர்னாவும் அப்போது நல்லதென்றுதான் நினைத்தாள்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் மணி அடிக்கும் முன்பே தலைமையாசிரியை ரென்ஃப்ரோ கையில் போனோடு ஓடிவந்தார். வகுப்புப் பெண்களின் போன் குழுவில் முந்தின நாள் நடந்த பேச்சின் படம் அதில் இருந்தது. ஒருத்தி எழுதியிருந்தாள்: "டெஸ்ஸாவப் பாத்தா ஸ்கூல்ல சுடுற ஆளு மாதிரியே இருக்கா." அடுத்தவள்: "எப்போ சுடப்போற டெஸ்ஸா? சொல்லிட்டா லீவு போட்டுருவோம்." அதற்குக் கீழே டெஸ்ஸா: "வியாழக்கிழமை. உங்க எல்லாரையும்." பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

"ஏழு பேரு போன் பண்ணிட்டாங்க வெர்னா. ஒரு அப்பா டிவிக்காரனுக்கே அனுப்பிட்டாராம்."

"நான் பேசிப் பாக்குறேன். அந்தப் புள்ள எனக்குத் தெரிஞ்ச புள்ள."

டெஸ்ஸாவைத் தன் அறைக்கே அழைத்துவந்தாள். எப்போதும் உட்காரும் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். சட்டையில் மாட்டிய கேமராவை வெர்னா அழுத்தினாள். புகார் என்று வந்தால் அழுத்தியாக வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தது.

"இத நீதான் எழுதுனியா?"

"ஆமா. அவளுகதான் முதல்ல ஆரம்பிச்சாளுக. மேல படிச்சீங்களா?"

"படிச்சேன். நெசமா எழுதுனியா, வெறுப்புல எழுதுனியா?"

"அவளுக வாய மூடணும்னு எழுதுனேன் மிஸ் வெர்னா. வேற என்ன சொல்றதாம்?"

"வீட்டுல துப்பாக்கி இருக்கா கண்ணு?"

"எங்க தாத்தாவோட மான் சுடுற துப்பாக்கி இருக்கு. எல்லார் வீட்லயும் இருக்குமே. உங்க வீட்ல இல்லையா?"

இருந்தது. வெர்னா வீட்டில் நான்கு இருந்தன. இத்தனையும் விளக்கமாகப் பதிவாகிவிட்டால் போதும், யாருக்கும் புரியும் என்றுதான் அவள் கேட்டாள். கேட்டுவிட்டு வெளியே வந்து தன் மேலதிகாரி ஷெரீப் கோய்லைப் போனில் கூப்பிட்டாள்.

"சார், இதுல ஒண்ணுமில்ல. கேலி பண்ணுனாளுக, பதிலுக்கு எழுதிட்டா. அம்மாவக் கூப்பிட்டுப் பேசுறேன், துப்பாக்கிய நானே போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"எழுதுனத ஒத்துக்கிட்டாளா?"

"ஒத்துக்கிட்டா."

"வீட்ல துப்பாக்கி?"

"இருக்கு, ஆனா..."

"அப்புறம் என்ன வெர்னா? கூட்டிட்டு வா."

"சார், பதிமூணு வயசு."

"இங்க பாரு. நாளன்னிக்கு வியாழக்கிழமை. உன் பேச்சக் கேட்டு நான் விட்டுட்டு, ஏதாவது ஆச்சுன்னா? நீ பதில் சொல்லுவியா, நான் சொல்லுவேனா?"

வெர்னா போனை வைத்தாள். பக்கத்தில் நின்ற தலைமையாசிரியையைத் திரும்பிப் பார்த்தாள். "என் கையில என்ன இருக்கு?" என்று ரென்ஃப்ரோ கையை விரித்தார். அழுதுவிடுவார் போலிருந்தது.

மணி அடித்து, பிள்ளைகள் வகுப்பு மாறி, நடைபாதை காலியாகும்வரை வெர்னா காத்திருந்தாள். அன்று அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். விலங்கு போட்டுத்தான் காரில் ஏற்ற வேண்டும். கடைசிப் பல்வரை இறுக்கியும் அந்த மணிக்கட்டில் அது தொளதொளவென்று நின்றது.

டெஸ்ஸா அழவில்லை. "நீங்கதானே கேட்டீங்க" என்றாள். "நீங்க கேட்டீங்கன்னுதானே சொன்னேன்."

சிறார் காவல் இல்லம் தொண்ணூறு மைல். வழியெல்லாம் வெர்னா ஏதேதோ சொன்னாள். அம்மா வருவாங்க, ஜட்ஜ் நல்லவர், ரெண்டு நாள்தான்.

ரெண்டு நாள் இல்லை, பன்னிரண்டு நாள். மனநல மருத்துவர் வந்து பார்க்க அத்தனை நாள் பிடித்தது. அவர் ஒன்றுமில்லை என்றுதான் எழுதிக்கொடுத்தார். கிறிஸ்டல் மூன்று ஷிப்டை விட்டுவிட்டு மூன்று முறை போனாள். ஒவ்வொரு முறையும் இருபது நிமிஷம் பார்க்கவிட்டார்கள்.

விசாரணையில் வெர்னா சாட்சி. தெரிந்ததைச் சொல்லி அந்தப் பெண்ணை மீட்டுவிடலாம் என்று ராத்திரி முழுக்க வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தாள். அரசு வக்கீல் இளைஞர், மரியாதையானவர். ஒரு தாளை எடுத்து வாசித்தார்: "எல்லாரும் இல்லாமல் போனால் நல்லது என்றாள். இது நீங்க அக்டோபர்ல எழுதுன குறிப்புதானே?"

வெர்னா அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். "ஆமா. ஆனா அது மிரட்டல் இல்ல. அழுதுக்கிட்டே சொன்னது."

"மிரட்டல் இல்லன்னா ஏன் எழுதுனீங்க?"

"எழுதணும்னு விதி."

"அப்போ அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே இந்த எண்ணம் இருந்திருக்கு. நன்றிங்க, அவ்வளவுதான்."

டெஸ்ஸா தலையைத் தூக்கி வெர்னாவைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. கதவைச் சாத்தச் சொன்ன நாளையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறாள் போல இருந்தது.

ஜெயில் என்று தீர்ப்பாகவில்லை. ஒரு வருஷம் பள்ளிக்குள் கால்வைக்கக் கூடாது, ஆறு மாதம் காலில் கண்காணிப்புப் பட்டை, வீட்டிலிருந்தே கணினியில் பாடம். அவர்கள் இருக்கும் பள்ளத்தாக்கில் இணையம் சரியாக எடுக்காது என்று கிறிஸ்டல் சொன்னாள். நீதிபதி கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வழக்கை அழைத்தார்.

வெளியே படிக்கட்டில் கிறிஸ்டல் வெர்னாவை நிறுத்தினாள். முதியோர் இல்லத்துச் சீருடையிலேயே வந்திருந்தாள்.

"வீட்டுக்கு வந்தா வாய் ஓயாம உங்க பேச்சுதான் பேசுவா. மிஸ் வெர்னா இதச் சொன்னாங்க, அதச் சொன்னாங்கன்னு."

"கிறிஸ்டல், நான் எவ்வளவோ..."

"தெரியும். நீங்க கெட்டவங்க இல்ல. கெட்டவங்களா இருந்திருந்தா அவ வாயே தொறந்திருக்க மாட்டா."

ரோந்துக்கே திரும்பிப் போகிறேன் என்று வெர்னா எழுதிக்கொடுத்தாள். வேறு ஆள் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் ஷெரீப். அவள் போய்விட்டால் இன்னும் முரட்டு ஆள் யாராவது வருவான் என்றார் ரென்ஃப்ரோ. இரண்டும் உண்மைதான். ட்வைட் மட்டும், "விட்டுடு வெர்னா, டயர் கடையில வந்து பில்லு போடு" என்றான். அவள் தலையை ஆட்டினாள், ஆனால் விடவில்லை.

ஏப்ரலில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து கதவோரம் நின்றாள். கண் சிவந்திருந்தது. "மிஸ் வெர்னா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். யாருக்கும் தெரியக்கூடாது."

வெர்னா எழுந்து அவளருகே போனாள். "சொல்லு. ஆனா சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோ கண்ணு. நீ சொல்றத நான் எழுதி வைக்கணும். எழுதி வச்சத யார் வேணா எடுத்துப் படிக்கலாம்."

அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு சட்டையில் இருந்த கேமராவைப் பார்த்தாள். கையால் மூக்கைத் துடைத்தாள்.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது வெர்னாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.