ஐந்தாமவருக்குத் துணை

1. ஒருவர் அவர்களுடையவர் இல்லை

கையளிப்பு நிகழ்வுக்கு முதல் நாள் காலை அமைச்சில் என் மேசைத் தொலைபேசி அடித்தது. பல்கலைக்கழகச் சேகரிப்பின் பொறுப்பாளர் கலாநிதி கெஸ்லர் பேசினார். வணக்கம், சுகம், வானிலை என்று ஒழுங்காகத் தொடங்குகிறவர் அன்று அவை ஒன்றையும் சொல்லவில்லை.

"ஐஞ்சு பேரிலை ஒராள் அவையின்ரை ஆள் இல்லை."

(அவர் சொன்னது ஜேர்மன் மொழியில்தான். இந்தக் குறிப்பில் எல்லோரையும் யாழ்ப்பாணத்தாராகவே பேச வைத்திருக்கிறேன். என் காதில் ஆட்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். வேலைக்காலம் முழுவதும் இரண்டு மொழிகளுக்கு நடுவில் நின்றவளுக்கு இந்தச் சலுகை உண்டு.)

ஐந்து பேர் என்பது ஐந்து மனிதரின் மண்டையோடுகளும் எலும்புகளும். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் ஒரு கப்பல் மருத்துவர் பசிபிக் தீவொன்றின் புதைகுழிகளைத் தோண்டி எடுத்துவந்து, அளந்து ஆராயுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தவை. அளந்தவர்களும் செத்துப் போனார்கள், இவர்கள் அலுமாரியிலேயே இருந்தார்கள். தீவின் பெயரை எழுத வேண்டாம் என்று அதன் மக்கள் கேட்டுக்கொண்டதால் நான் எழுதவில்லை.

இப்படிக் கொண்டுவரப்பட்டவர்களைச் சொந்தச் சனத்திடம் திருப்பிக் கொடுப்பதற்கு எங்கள் மாநிலத்துக்கென்று விதிகள் எழுதிய பிரிவுக்கு நான் தலைவி. விதிகள் அப்போது வரைவாகத்தான் இருந்தன. முதல் கையளிப்பை நடத்திப் பார்த்துவிட்டு வரைவை முடிப்பது என்று முடிவு செய்திருந்தோம்.

"எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"துடைக்கேக்கை கண்டனான். பழைய இலக்கத்துக்குக் கீழை இன்னொரு இலக்கம் இருக்கு. அது வேறை கப்பல், வேறை கரை."

"எந்தக் கரை?"

"தெரியேல்லை. தேடவேணும். எவ்வளவு காலம் எடுக்குமெண்டு சொல்ல ஏலாது."

யாருடையவர் என்று நிறுவாமல் எவரையும் கொடுக்கக்கூடாது என்பது விதி. நான்தான் எழுதினேன், அது சரியென்று இன்றும் சொல்வேன். நாலு பேரைக் கொடுத்துவிட்டு ஒருவரை நிறுத்தி வைப்பதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் வேறு. அதற்கு முதல் நாள்தான், கூட்டிக்கொண்டு போகத் தீவிலிருந்து வந்தவர்கள் அந்த ஐந்து பேரிடமும் சுகம் கேட்டு முடித்திருந்தார்கள்.

2. முழுகுகிற உத்தியோகத்தர்

இந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. பதினேழு வயதில் அகதியாக வந்து, மொழி படித்து, சட்டம் படித்து, மாநில அமைச்சில் சேர்ந்து, நாடக மன்றத்துக்கு மானியம், தேவாலயக் கூரைக்கு மானியம் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தவள். ஒரு நாள் என் மேலதிகாரி பிராண்ட் அறைக்குள் வந்தார்.

"பூர்வீகக் குடியளோடை நல்லிணக்கம் எண்டு புதுசா ஒரு பொறுப்பு வருது. நீங்கள்தான் அதுக்குப் பொருத்தம்."

"ஏன் நான்?"

"உங்களுக்கு அந்த விசயம் விளங்கும்."

என் நிறத்தை வைத்துத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாதா? நல்ல மனிதர், போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு இடைஞ்சல் தந்தது நல்லிணக்கம் என்ற பேச்சுத்தான். ஊரில் அதை வேண்டியமட்டும் கேட்டாயிற்று. போரை விசாரிக்க ஆணைக்குழு வரும், மேசைவிரிப்பு வரும், தண்ணீர்ப் போத்தல் வரும். சாட்சி சொல்லப் போனவர்கள் போனபடியே திரும்பி வருவார்கள். ஆகவே எனக்கு இந்தப் பொறுப்பில் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. சம்பளம் வாங்குகிறோம், ஒழுங்காகச் செய்வோம் என்றுதான் தொடங்கினேன்.

அலுமாரிகள் இருந்த டெப்போ என்னும் சேமிப்புக் கிடங்குக்கு முதன்முதலில் போய்வந்த அன்று, வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் நேரே குளியலறைக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினேன். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் முழுகாமல் குசினிக்குள் கால் வைப்பதில்லை அல்லவா? யோசித்துச் செய்யவில்லை, கால் தானாகப் போனது. ஈரத் தலையோடு வெளியே வந்தவளைப் பார்த்து என் கணவர் சிரித்தார்.

"ஒஃபீசுக்குப் போட்டு வந்து முழுகிற ஒரே அரசாங்க உத்தியோகத்தர் நீர்தான்."

அதன் பிறகு டெப்போ நாளெல்லாம் முழுக்கு நாள். அந்தக் கோடையில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போனபோது, தெரிந்த அக்கா ஒருவர் இப்போது என்ன வேலை என்று விசாரித்தார். சொன்னேன். அர்ச்சனைத் தட்டைச் சற்றே தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "முழுகிப்போட்டுத்தானே பிள்ளை வந்தனி?" என்று கேட்டார்.

3. கப்டன்

தீவிலிருந்து இருவர் வந்தார்கள். தலைமை தாங்கியவர் ஒரு பெண். ஊரில் தீவுகளுக்கிடையே பயணிகள் படகு ஓட்டுகிறவர். உடன் வந்தவர் உட்பட எல்லோரும் அவரைக் கப்டன் என்றே அழைத்தார்கள், நாங்களும் அப்படியே அழைத்தோம். உடன் வந்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர்.

வருவதற்கு முன்பே தங்களுக்கு என்னென்ன வேண்டுமென்று எழுதியிருந்தார்கள். இருந்து பேச ஓர் அறை, பெட்டிகளுக்கு முன்னால் வைக்கச் சமைத்த சாப்பாடு, வெளியே வரும்போது கை கால் கழுவ வாசலில் தண்ணீர். கடைசியை வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பாதிக் கிரகம் தாண்டிச் சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிட்டேன் போலிருந்தது. கெஸ்லருக்கோ சாப்பாடுதான் தலையிடி. "டெப்போவுக்குள்ளை சாப்பாடு ஏலாது, பூச்சி வந்திடும்," என்று ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் ஐவரையும் பக்கத்து வாசிப்பறைக்குக் கொண்டுவந்து, தீவுக்காரர் கொண்டுவந்த துணியை விரித்து மேசையில் வைத்தோம். வாளியும் செம்பும் என் வீட்டிலிருந்து போயின.

நான் அழுகையை எதிர்பார்த்துக் கைக்குட்டைப் பெட்டி வாங்கி வைத்திருந்தேன். கப்டன் அழவில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் போய் உட்கார்ந்து தன் பெயரைச் சொன்னார், படகின் பெயரைச் சொன்னார். இப்போது எந்தப் பக்கக் காற்று, ஊரில் யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் பிள்ளை என்று செய்தி சொன்னார். ஆசிரியர் எனக்கு மெல்லிய குரலில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பெட்டிக்கு முன்னால் மட்டும் கப்டன் அதிக நேரம் இருந்தார். அது அவருடைய பூட்டியின் தங்கை. கல்யாணம் பேசியிருந்த நேரத்தில் காய்ச்சலில் செத்தவர். புதைத்துச் சில மாதத்திலேயே குழியைத் தோண்டிவிட்டார்கள்.

"அந்தக் குழியைக் காட்டிக் காட்டித்தான் எங்கடை வீட்டிலை பிள்ளையளை வளத்தவை," என்று கப்டன் பிறகு என்னிடம் சொன்னார். "இப்ப திரும்ப வெட்டி வைச்சிருக்கு. நான் கொண்டுபோனால் சரி."

கடைசியாக ஐந்தாவது பெட்டிக்குப் போனார். அவருக்கும் தன் பெயரைச் சொன்னார். எந்தப் பக்கக் காற்று என்று அவருக்கும் சொன்னார்.

4. மூடச் சொல்லியாச்சு

சிக்கல் வேறு என்று நான் ஏன் சொன்னேன் என்பது இப்போது விளங்கியிருக்கும். தொலைபேசி வந்த அன்று காலையே கெஸ்லரும் நானும் பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையில் அவர்களைச் சந்தித்தோம். கெஸ்லர் மன்னிப்புக் கேட்டு விசயத்தைச் சொல்லி முடிக்கும்வரை கப்டன் குறுக்கே பேசவில்லை.

"அவர் இப்ப எங்கை?" என்று மட்டும் கேட்டார்.

"அதே மேசையிலை, மற்றாக்களோடை."

"நல்லது. பிரிச்சு வைக்காதேங்கோ."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஐஞ்சாவது ஆளையும் நீங்களே கொண்டுபோங்கோ. தற்காலிகப் பொறுப்பு எண்டு எழுதலாம். வசனத்தை நான் பாத்துக்கொள்ளுறன்," என்றேன். நான் எழுதிய விதியை நானே வளைக்கத் தயாராக இருந்தேன்.

"வேண்டாம்," என்றார் கப்டன். "அவரின்ரை சனம் ஒரு நாளைக்குத் தேடிக்கொண்டு வரும். வந்தால் இஞ்சைதானே வருவினம்? கேக்காமல் கொண்டுபோனால் அந்த டொக்டர் செய்ததைத்தான் நாங்களும் செய்யிறம்."

பிறகு அவரே தொடர்ந்தார்.

"ஆனா சுகம் கேட்ட ஆளைத் தனிய விட்டிட்டுப் போறது எங்கடை வழக்கம் இல்லை. நாலு பேர் எழும்பிப் போக, அவர் மட்டும் இருந்து பாக்கிறதோ?"

எங்களுக்குக் காலை, தீவில் இரவுச் சாப்பாட்டு நேரம். இருவரும் நடைவழியில் நின்று ஊருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். நீண்ட நேரம் போனது. ஆசிரியரின் குரல் உயர்ந்தது, பிறகு தணிந்தது. திரும்பி வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. கப்டன் முகத்தில் மாற்றம் இல்லை.

"மூண்டு பேரைக் கொண்டுபோறம். அவருக்குத் துணைக்கு ஒராள் நிப்பா. அவரின்ரை சனம் வந்த பிறகு நான் வந்து கூட்டிக்கொண்டு போவன்."

"ஆர் நிக்கிறது?" என்று கெஸ்லர் கேட்டார்.

"என்ரை ஆள்தான். மற்றாக்களின்ரை ஆளை விட்டிட்டுப் போக எனக்கென்ன உரிமை இருக்கு?"

ஆசிரியருக்குத் தாங்கவில்லை. "குழி வெட்டியாச்சு," என்றார் எங்களைப் பார்த்து, நாங்களாவது தடுப்போம் என்பதுபோல.

"மூடச் சொல்லியாச்சு," என்றார் கப்டன்.

பரம்பரை பரம்பரையாகக் காத்திருந்தது அவருடைய குடும்பம். கையெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. பெயர் தெரியாத, ஊர் தெரியாத ஒருவர் தனித்துப் போவார் என்பதற்காக அதை விட்டுக்கொடுக்கிறார். அதையும் படகு நேர மாற்றம் சொல்வதுபோலச் சொல்கிறார். நான் எத்தனையோ பெரியவர்களோடு மேசையில் இருந்திருக்கிறேன். அப்படி ஒருவரைக் கண்டதில்லை.

5. பிராண்டின் மூக்குக்கண்ணாடி

கையளிப்பு அன்று அமைச்சர் பேசினார், பிராண்ட் முன்வரிசையில் இருந்தார். மூன்று பெட்டிகள் வெளியே போயின. மேசையில் இரண்டு மிஞ்சின. கப்டன் அவற்றை ஒன்றோடொன்று முட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டு, தன் பூட்டியின் தங்கையிடம் குனிந்து பேசினார்.

"என்ன சொல்லுறா?" என்று பிராண்ட் என்னைக் கேட்டார். ஆசிரியர் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன்.

"கொஞ்ச நாள் இரு. இவருக்கு ஆளில்லை. ஆக்கள் வந்தவுடனை நான் வாறன்."

பிராண்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

ஆனாலும் அதிகாரி அதிகாரிதான். அடுத்த கிழமை என் வரைவில் புதிதாக ஒரு பிரிவைக் கண்டு துள்ளினார். எவரும் கேட்டு வராதவர்களின் சனத்தை அரசே தன் ஆட்களை வைத்துத் தேட வேண்டும் என்று எழுதியிருந்தேன்.

"தேடுறது எங்கடை வேலை இல்லை. அன்ட்ராக் வரட்டும், பாப்பம்." அன்ட்ராக் என்பது மனு.

"தங்கடை ஆள் இஞ்சை இருக்கிறதே தெரியாத சனம் எப்பிடி அன்ட்ராக் போடும்?"

"நிதியமைச்சு சம்மதிக்காது. நிரந்தரப் பதவி கேக்கிறீங்கள்."

"கப்டன் தன்ரை ஆளை விட்டிட்டுப் போயிருக்கிறா. நாங்கள் ஒரு சம்பளத்தைக் குடுக்க மாட்டமோ?"

கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன். பிராண்ட் வரைவைக் கையில் எடுத்து, "நிதியமைச்சோடை நானே கதைக்கிறன்," என்றார். கதைத்தார். எப்படிக் கதைத்தாரோ தெரியாது, பிரிவும் பதவியும் நிலைத்தன.

6. ஆற்றங்கரையிலிருந்து வந்தவர்கள்

இரண்டு குளிர்காலம் போனது. புதிதாகச் சேர்ந்த ஆய்வாளரும் கெஸ்லரும் சேர்ந்து கடைசியில் அந்தக் கரையைக் கண்டுபிடித்தார்கள். தீவிலிருந்து வெகுதூரத்தில், ஓர் ஆறு கடலில் விழும் இடம். அங்கே இருந்த சனத்துக்குத் தங்கள் ஆள் ஒருவர் ஜேர்மனியில் இருப்பது நாங்கள் சொல்லித்தான் தெரியும். மூவர் வந்தார்கள். அவர்களில் ஒரு தாதி ஆங்கிலம் பேசுவார்.

இரண்டு பெட்டிகள் சேர்ந்து இருப்பது ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் ஆட்களுக்குச் சொன்னார். மூவரும் ஐந்தாமவரிடம் போகவில்லை. முதலில் துணைக்கு நின்ற அந்தப் பெண்ணிடம்தான் போய் உட்கார்ந்தார்கள்.

அவர்களுக்கு மறுநாள் விமானம். கப்டனுக்கோ புயல் எச்சரிக்கையால் படகை விட்டுப் புறப்பட முடியவில்லை, சில நாள் கழித்துத்தான் வர முடியும் என்று சொல்லியிருந்தார்.

"நாங்கள் நாளைக்குப் போனால் இந்தப் பிள்ளை தனியவோ?" என்று தாதி கேட்டார்.

"ஓம். வெள்ளிக்கிழமைதான் கப்டன் வாறா."

மூவரும் தங்களுக்குள் இரண்டு வார்த்தை பேசினார்கள். "அப்ப டிக்கற்றை மாத்தித் தாங்கோ," என்றார் தாதி.

யாரும் அவர்களைக் கேட்கவில்லை. கப்டனை அவர்கள் கண்டதில்லை. மொழி வேறு, கடவுள் வேறு, நடுவில் ஒரு பெருங்கடல். எனக்கு அங்கே நிற்க முடியாமல் போனது. வெளியே போய் வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை கப்டன் பிராங்பேர்ட்டிலிருந்து நேரே டெப்போவுக்கு வந்தார். தாதி எழுந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். அதற்குமேல் நான் எழுத மாட்டேன், அது அவர்களுடையது.

அரசாங்க வேலைக்கு வருகிற எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். மனு வரவில்லையென்றால் தேவையும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கேட்க முடியாதவர்களுக்காகத் தேடிப் போவதும் நம் வேலைதான், அதை விதியில் எழுதி வையுங்கள். நல்லிணக்கத்தை நான் மேடையில் காணவில்லை. ஒரு படகோட்டி தனக்கு வரவேண்டியதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போட்ட இடத்தில் கண்டேன்.

சிங்கப்பூர்வரை ஐந்தாமவருக்கும் துணை நின்ற பெண்ணுக்கும் ஒரே விமானம் கிடைத்தது. கெஸ்லரும் பிராண்டும் நானும் பிராங்பேர்ட் விமான நிலையத்துக்குப் போய், விமானம் மேலே போகும்வரை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினேன். வாளியையும் செம்பையும் வாசலில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தேன். என் கணவர் பின்னாலேயே வந்தார்.

"என்ன, இண்டைக்கு முழுகேல்லையோ?"

"இல்லையப்பா. ஊருக்குப் போற ரெண்டு பேரை வழியனுப்பத்தான் போனனான்."