அந்தோணிசாமியும் பொன்மலைக்கு வராத பீப்பாய்களும்

செவ்வாய்க்கிழமை காலை எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஆள் வந்து, "அந்தோணிசாமி சார் போயிட்டாருங்க" என்றார். உடனே புறப்பட்டேன். ஒரு மாலையோடு பஸ் ஏறினேன். துக்கத்தோடு பழைய பயமும் சேர்ந்துகொண்டிருந்தது.

பொன்மலையில் ரயில்வே அதிகாரிகளின் கிளப் ஒன்றில் அவர் பட்லர். அங்கேயே நான் ஸ்டோர் குமாஸ்தா. எட்டாவதோடு பள்ளியை விட்டு, பழைய பத்திரிகைகளைப் படித்தே இங்கிலீஷ் கற்றவன். யார் சொல்லியும் கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. அவர் சொல்லியும் கேட்கவில்லை.

மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம் அது. சீமைக்குத் திரும்பும் ஒரு துரைக்குப் பிரிவு விருந்து. பாட்டில் பீர் போதும் என்றார்கள் அதிகாரிகள். அவர் சம்மதிக்கவில்லை.

"பாட்டில்ல வர்றது செத்த சரக்கு, ரங்கசாமி. பீப்பாய்ல வர்றதுதான் மூச்சு விடும்."

அவர் குடிக்காதவர். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, முகர்ந்தே தரம் சொல்வார். பெங்களூரில் நல்ல பீர் காய்ச்சும் சிறிய ஆலை ஒன்றுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி, தம் பெயரிலேயே பெர்மிட் வாங்கி, இரண்டு பீப்பாய்களை ரயிலில் வரவழைத்தார்.

மே மாத வெயிலில் ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டுக்குப் போனோம். ஒரு பீப்பாயின் அடைப்பைச் சுற்றி நுரை கசிந்து வாடை வீசியது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்கு மாலை கட்டும் குடும்பம் எங்களுடையது. நான் சாராய வழக்கில் சிக்கினால் அப்பாவின் கைங்கரியமும் போகும், தங்கையின் கல்யாணமும் நிற்கும்.

"அடைப்பை இறுக்காதீங்க. ஈரத் துணி போட்டு மூடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு அவர் கையெழுத்துப் போடப் போனார். நல்லெண்ணெய்ப் பீப்பாய்கள் எத்தனையோ பார்த்தவன் நான். அடைப்பைச் சுத்தியலால் அடித்து இறக்கி, சுற்றிலும் மெழுகை உருக்கி ஊற்றினேன். மேலே துணியைப் போட்டேன்.

பீப்பாய்களோடு எங்களையும் ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டி கிளம்பியது. சிறிது தூரத்தில் பீப்பாய் முனகத் தொடங்கியது.

"என்ன சத்தம்?" என்றார் அவர்.

"சக்கரம்ங்க" என்றேன்.

போலீஸ் அவுட்போஸ்டில் வண்டியை நிறுத்தினார்கள். அவர் பெர்மிட்டைப் பீப்பாய் மேல் விரித்துக் காட்டினார். கான்ஸ்டபிள் குனிந்தபோது அடைப்பு வெடித்தது.

"யோவ்! குளிப்பாட்டுறியா என்னை?"

முகமெல்லாம் நுரை. பெர்மிட்டில் மை கரைந்து, முத்திரைகூடத் தெரியவில்லை.

"இதுல என்னய்யா எழுதியிருக்கு? நீயே படி, பாப்போம்!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "இந்த ஆளு யாரு?"

அந்தோணிசாமி என்னை ஒருமுறை பார்த்தார். "பொன்மலைக்கு வேலைக்குப் போறவருங்க. வெயில் தாங்காம வழியில ஏறிக்கிட்டாரு."

"எறங்குய்யா. இனிமே வண்டி பாத்து ஏறு."

இறங்கினேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

பீப்பாய்களைப் பறிமுதல் செய்து, மூன்று நாள் அவரை லாக்கப்பில் வைத்தார்கள். கிளப்பிலிருந்து ஒரு கடிதம் போயிருந்தால் ஒரு மணி நேரத்தில் விட்டிருப்பார்கள். தங்கள் பெயர் அடிபடும் என்று ஒருவரும் எழுதவில்லை. எலுமிச்சை சர்பத்தோடு விருந்து நடந்தது. வெளியே வந்தவரை, கவனக்குறைவு என்று சொல்லி வேலையை விட்டு நீக்கினார்கள். அந்த மனிதர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. நானோ, காய்ச்சல் என்று சொல்லி ஸ்ரீரங்கத்தில் படுத்துக் கிடந்தேன்.

பிறகு அவர் ஒரு ஹாஸ்டலில் சமையல் பார்த்தார். ஒருமுறை கேட்டேன், ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று. "உங்க முகத்தைப் பார்த்துட்டேனே. அப்புறம் எப்படிங்க சொல்றது?" என்றார்.

செவ்வாயன்று வாசலிலேயே என்னைப் பார்த்த அவர் மகள் ஸ்டெல்லா, வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள். "அப்பா பீப்பாயைச் சரியா அடைக்கத் தெரியாமத்தான் மாட்டிக்கிட்டாருன்னு சொல்றாங்க. நெசமா மாமா?"

"தெரியலம்மா" என்றேன்.

தெரியும், ஸ்டெல்லா. அடித்து இறுக்கியவன் நான். உன் அப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார்.

கொண்டுபோன மாலையை வாசலில் இருந்தவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். உள்ளே போய் அவர் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. போய் வாருங்கள் சார். அங்கே யாராவது கேட்டால், வண்டியில் இருந்தவன் பெயரைச் சொல்லிவிடுங்கள்.