பக்கத்து வீட்டில் என் பெயர்

நான் செத்துப்போய்விட்டேன் என்பது பக்கத்து வீட்டு வாசலில் நின்றபோதுதான் எனக்குத் தெரியவந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. கையில் சைக்கிள் ஹெல்மெட் இருந்தது.

வெளிநாட்டில், வெரிபீ என்ற ஊருக்கு நாங்கள் குடிவந்த புதிது. அம்மாவுக்கு இரவில் நித்திரை வராது. பகலில் நான் தெருமுனையைத் தாண்டினால் போதும், "கபிலன்" என்று அவர் போடும் சத்தத்தில் அயல்வீட்டு நாய்கள்கூடத் திரும்பிப் பார்க்கும். டொக்டர் அவரை ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். பள்ளி விடுமுறை, வீட்டில் ஆளில்லை என்பதால் நானும் கூடப் போனேன்.

மேசையில் கண் துடைக்க ஒரு ரிஷ்யூப் பெட்டி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பேசுவதற்கான தொலைபேசி. அதிலிருந்து வணக்கம் வந்ததுமே அம்மாவின் முகம் மாறிவிட்டது. எங்கள் கோயில் திருவிழாவில் மைக் பிடிக்கிற அங்கிளின் குரல். கேட்டதை அவர் வெளியில் சொல்லக்கூடாது என்று சட்டம் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை கோயிலில் அவர் முகத்தைப் பார்க்கவேண்டியது அம்மாதானே.

"எனக்கொரு பிரச்சினையும் இல்லை. நல்லா நித்திரை கொள்ளுறன்" என்றார். உளவியலாளருக்கு மிகுந்த சந்தோஷம்.

பக்கத்து வீட்டில் ஓர் எரித்திரிய அன்ரி இருந்தார். சனிக்கிழமைகளில் அவருடைய நாட்டுப் பெண்கள் அங்கே கூடுவார்கள். அவர்களில் ஒருவர், மனத்துயரைக் கேட்டு ஆற்றும் உளவளத்துணை படித்தவர். கிளினிக்குக்கு வரச்சொன்னால் ஒருவரும் வருவதில்லை என்று அவரே கோப்பி குடிக்க வந்து உட்கார்ந்துவிடுவார். மதில் மேலால் அன்ரி அம்மாவையும் கூப்பிட்டார். எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு ஏன் போகிறாய் என்று அப்பா கேட்டார்.

"அதுக்குத்தான் போறன்" என்றார் அம்மா.

மூன்றாவது சனிக்கிழமை, சைக்கிளுக்குக் காற்றுப்போனதைச் சொல்ல நான் அங்கே ஓடினேன். கதவு திறந்திருந்தது. வறுத்த கோப்பியும் சாம்பிராணி போன்ற ஏதோ ஒன்றும் சேர்ந்து மணத்தன. பெண்கள் வட்டமாக நிலத்தில் இருந்தார்கள். ஒருவர் ஒரு பெயரைச் சொல்ல, மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, செத்தவீட்டில்போல அழுதார்கள். பிறகு அம்மாவின் முறை வந்தது.

"கபிலன்."

அத்தனை பேரும் என் பெயரைச் சொன்னார்கள். அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் அதுவரை கண்டதில்லை. எனக்கு எப்போது என்ன நடந்தது, ஏன் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை?

"Mum, I'm here" என்று கத்தினேன்.

எல்லோரும் திரும்பினார்கள். அம்மா ஓடிவந்து என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"நீயில்லை ராசா. மாமா. என்ர தம்பி. ஊரில நடந்த கடைசிச் சண்டையில செத்துப்போனவன். அவன்ர பேரைத்தான் உனக்கு வச்சனாங்கள்."

எனக்கு ஒரு மாமா இருந்தார் என்பதே அன்றுதான் தெரியும். எங்கள் வீட்டில் அவருடைய படம்கூட இல்லை. எரித்திரிய அன்ரி என்னை இருத்தி, மடியில் ஒரு கிண்ணம் நிறையச் சோளப்பொரி வைத்தார். கோப்பியோடு அவர்கள் அதைத்தான் சாப்பிடுவார்களாம். முழுவதையும் தின்றேன்.

வீட்டுக்கு வந்த அம்மா செற்றியில் சரிந்து அப்படியே நித்திரையாகிப்போனார். பட்டப்பகலில் அவர் படுத்து நான் பார்த்ததில்லை. மூக்கடியில் விரல் வைத்தேன். மூச்சு வந்தது. ஆனாலும் பயத்தில் உலுக்கப்போனேன். வேலையால் வந்த அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுப்பாதை" என்றார். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் குசினிக்குள் போய் அரிசி கழுவத் தொடங்கினார். அவருடைய கண்கள் ஏன் கலங்கியிருந்தன என்று எனக்கு விளங்கவில்லை.

நானே சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு வெளியே போனேன். தெருமுனையைத் தாண்டினேன். வேண்டுமென்றே இன்னும் கொஞ்சத் தூரம் போய், ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி காத்து நின்றேன். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. அழுகை வந்தது. அம்மாவுக்கு என்மேல் பாசம் குறைந்துவிட்டது என்றே அன்றைக்கு நினைத்தேன்.