பாறை இடுக்கில் இருந்த டப்பா

எங்கள் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னாலிருந்த பாறை இடுக்கில் ஒரு டப்பா கிடைத்தது. உள்ளே சின்னப் பொம்மை, காசு, ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் புரியாத எழுத்தில் ஒரு தாள். செய்வினைதான் என்று பயந்து ஆற்றில் வீசினேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த செல்வி அக்காவைச் சந்தேகப்பட்டு ஒரு வருடம் பேசவில்லை.

பிறகு ஒருநாள் ஒரு வெள்ளைக்காரர், போனில் மேப்பைப் பார்த்தபடி நேராக அந்தப் பாறைக்கே வந்தார். கூட வந்த டிரைவர் சொன்னார்: "டப்பாவ ஒளிச்சு வச்சு, எடத்தோட நம்பர இன்டர்நெட்ல போடுவாங்க. கண்டுபிடிக்கிறவங்க உள்ள இருக்கிற தாள்ல பேர் எழுதி, சின்னச் சாமான் ஏதாவது வச்சிட்டுப் போவாங்க. வெளையாட்டுங்க."

அந்தத் தாளில் இருந்தவை வெறும் பெயர்கள்!

செல்வி அக்காவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கொழுந்து பறிக்கவே பொழுது பத்தல. இதுல ஒனக்குச் சூனியம் வேற வைக்கிறேனாக்கும்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"எம் மக கல்யாணத்துக்குக்கூட நீ வரலையே, புள்ள."