சாம்பல் தொட்டுப் பிணைத்த டேப்

நான் கிறிஸ்தவன் இல்லை என்பதால்தான் அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

காஞ்சிபுரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன் அரக்கோணத்தில் மூட்டை தூக்கினேன். வாலாஜாபாத்தில் நெல் அவித்தேன். படிப்பு ஏழாவதோடு சரி. இங்கே தறி வீடுகளில் எடுபிடியாக இருந்துகொண்டு பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். மழை பெய்தால் பஸ் ஸ்டாண்டிலும் இடம் கிடையாது.

மிஷன் பள்ளிக்கூடத்து உபதேசியாரிடம் பாட்டரியில் ஓடும் ஒரு டேப்ரெக்கார்டர் இருந்தது. கூடவே பதினோரு சுருள்கள். உலகம் உண்டானதிலிருந்து சிலுவை வரைக்கும் போகும் பெரிய காவியம் ஒன்றை யாரோ ஒரு தமிழ்ப் பண்டிதர் ராகம் போட்டுப் படித்து அதில் பதிந்திருந்தார். நெசவாளர் தெருவில் கை ஓய்வதில்லை, காது சும்மாதான் இருக்கிறது என்பது உபதேசியாரின் கணக்கு.

"நான் போனா கதவைச் சாத்துவாங்க. நீ போனா பாட்டுப்பெட்டி வந்துச்சுன்னு உள்ள கூப்பிடுவாங்க" என்றார். பதினோரு சுருளையும் அந்தத் தெருவில் போட்டு முடித்தால், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த அறை எனக்கு. ஓட்டுக் கூரை. நான் சரி என்றேன்.

முதல் சுருளுக்குக் கூட்டம் இருந்தது. இரண்டாவதற்குக் குறைந்தது. சினிமாப் பாட்டு இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு அம்மாள் மட்டும் நின்றுவிட்டாள். நின்றாள் என்றால், எழுந்து போக முடியாத வேலை அவளுக்கு. ஒரு தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழை, தீர்ந்தால் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய பாவின் நுனியோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் பிணைத்துக்கொண்டே இருப்பாள். ஐம்பது வயதிருக்கும். கணவன் இல்லை. அவள் எந்த வீட்டில் பிணைக்க உட்கார்ந்தாளோ, அந்த வீட்டில் நான் பெட்டியை வைத்தேன்.

"இன்னாபா தம்பி, உங்க ஆளு மூக்கடைச்சிக்கினு பாடறாரு? சுக்குத் தண்ணி வெச்சுக் குடுக்க ஆளு இல்லியா?"

"அவரு பெரிய பண்டிதரு, அக்கா."

"பண்டிதர்னா சளி புடிக்காதா?"

செய்யுள் அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் பாதிதான் புரிந்தது. உபதேசியாரிடம் கதையைக் கேட்டு வந்து, நடுநடுவே நிறுத்தி அவளுக்குச் சொன்னேன். பழத்தைத் தின்ற முதல் இரண்டு பேரையும் கடவுள் தோட்டத்தை விட்டுத் துரத்திய இடத்தில் சிரித்துவிட்டாள்.

"ஒரு பழத்துக்கா இம்மாம் ஆர்ப்பாட்டம்? எங்க தெருவுல மாங்கா அடிக்காத புள்ளையே கெடையாதுபா."

அடுத்து தம்பியைக் கொன்ற அண்ணன் கதை வரப்போகிறது என்று நான் சொன்ன அன்று அவள் சிரிக்கவில்லை. அவளுக்கும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். இருந்தது ஒரு தறி. அதில் யார் உட்காருவது என்ற சண்டையில் பெரியவன் சின்னவனை அடித்து வெளியே தள்ளினான். மூன்றாம் நாள் சின்னவனைத் தாமல் ஏரியில் எடுத்தார்கள். விழுந்தானா, குதித்தானா என்று யாருக்கும் தெரியாது. பெரியவனை அன்றோடு அவள் வீட்டுக்குள் விடவில்லை. அமாவாசையன்று ஊரில் தறி ஓடாது. ஒவ்வொரு அமாவாசைக்கும் அவன் குளித்துவிட்டு வந்து வாசலில் நிற்பான். அவள் கதவைத் திறக்க மாட்டாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவான். நான்கு வருஷமாக இப்படி.

"தம்பிய கொன்னவனை அவங்கம்மா சேத்துக்கினாளா?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா. சுருள்ல வரும்."

"அப்போ அமாவாசைக்கு முன்னாடி அதைப் போட்டுடுபா. கேட்டுட்டு நானும் ஒரு முடிவுக்கு வரேன்."

அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்தச் சுருளைப் போட்டேன். வயல்வெளியில் அண்ணன் கல்லை எடுக்கிறான். தம்பி விழுகிறான். தாய் ஓடி வருகிறாள். பண்டிதரின் குரல் மேலே ஏறியது. அங்கே டேப் அறுந்தது. சக்கரம் மட்டும் சும்மா சுற்றியது.

டேப் அறுந்தால் தொடக் கூடாது, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது உபதேசியாரின் உத்தரவு. நாளைக்குச் சரி பண்ணி எடுத்து வருகிறேன் என்று அவளிடம் சொல்லிப் பெட்டி மூடியை எடுத்தேன்.

"அறுந்தா இன்னா? அறுந்ததைச் சேக்கறது தானே எனக்கு வேலை. குடுபா இங்க."

நான் கொடுத்தேன். பக்கத்தில் கொட்டாங்குச்சியில் அவளுக்கு விபூதி இருந்தது. பட்டு இழை வழுக்கும் என்பதால் பிணைக்கிறவர்கள் விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். அவள் வீட்டில் நெற்றிக்கும் விரலுக்கும் ஒரே விபூதிதான். இரண்டு முனையையும் வைத்து, விபூதி தொட்டு, ஒரு முறுக்கு. இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. பொத்தானை அழுத்தியது நான்தான்.

முறுக்கு உள்ளே போய்ச் சிக்கியது. பண்டிதரின் குரல் எருமை கத்துவது போல இழுத்து, நின்றது. ஒரு முழம் டேப் கசங்கிச் சுருண்டு வெளியே வந்தது.

"நான் கெடுத்துட்டனா தம்பி?"

"ஒண்ணும் இல்லக்கா, சரி பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

உபதேசியார் மூடியைத் திறந்தார். உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலில் தொட்டுப் பார்த்தார்.

"இது விபூதிதானே?"

"ஆமாங்க."

"வேதம் பேசற பெட்டிக்கு விபூதி பூசியிருக்காங்க. யாரு?"

பிணைக்கிறவர்கள் விரலுக்குத் தொடுவது, வேறொன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், நீ ஏன் கொடுத்தாய் என்ற கேள்வி வரும். அறை போகும்.

"தெருவுல யாரோ பண்ணிட்டாங்க. நான் டீ குடிக்கப் போயிருந்தேன்" என்றேன்.

அவர் விரலைத் துணியில் துடைத்தார். பிறகு, "அந்தத் தெரு இனி வேண்டாம்" என்றார். நான் உண்மையுள்ளவன் என்று சொல்லி அறைச் சாவியை அன்றே கையில் கொடுத்தார்.

அமாவாசையன்று தெருவில் ஒரு தறிச் சத்தமும் இல்லை. நான் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். பெரியவன் வெள்ளை வேட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. நான்கு வருஷத்தில் அந்த அளவுக்குத் திறந்தது அன்றுதான் என்று பின்னால் ஒருவர் சொன்னார். இடுக்கில் அவள் முகம் தெரிந்தது. அவனைப் பார்க்கவில்லை, அவன் தோளுக்கு மேல் என்னைப் பார்த்தாள்.

"பொட்டி கொண்டாந்தியாபா?"

"இல்லக்கா. இனிமே வராது."

"நீயாவது கேட்டியா? அந்தம்மா இன்னா செஞ்சா?"

"தெரியலக்கா."

கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனான்.

டேப்பை உபதேசியார் வெட்டி ஒட்டி, பெட்டியையும் சரி செய்தார். வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில் முற்றத்தில் அதே சுருளைப் போட்டேன். தாய் ஓடி வருகிறாள், அலறுகிறாள். அடுத்த பாட்டிலேயே கதை அந்தக் கொன்ற அண்ணன் பின்னால் ஊர் ஊராகப் போய்விடுகிறது. அந்தத் தாய் அவனைப் பற்றி என்ன நினைத்தாள் என்பது கடைசிச் சுருள் வரைக்கும் வரவில்லை. உபதேசியாரிடம் கேட்டேன். "காவியத்துக்கு அது அவசியம் இல்லப்பா" என்றார்.

ஒரு கூரைக்காக அவரிடம் இரண்டு பொய் சொன்னேன். "அவங்கம்மா சேத்துக்கினாங்க, அக்கா" என்று வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு எதுவும் குறைந்திருக்காது. அன்றைக்குப் பார்த்து உண்மையைச் சொன்னேன்.

அந்த அறையிலும் ஆறு மாதம்தான் இருந்தேன்.